அசை: எழுத்துக்கும் சொல்லுக்கும் இடையில் நிற்கும் அலகு

மொரீசியஸில் வீட்டிலும் தெருவிலும் நாம் பேசும் கிரியோல் மொழியில் விண்மீனுக்கு ‘ஸெத்வால்’ என்று பெயர். பிரெஞ்சு மொழியில் அதே விண்மீன் ‘எத்வால்’ ஆகும். கிரியோலில் முதலில் நிற்கும் அந்த ஸகர ஒலி பிரெஞ்சுச் சொல்லில் இல்லை. அது பன்மையைக் காட்டுவதற்காகப் பெயருக்கு முன்னால் வரும் ‘லே’ என்ற சிறு சொல்லிலிருந்து வந்தது. அந்தச் சொல்லை எழுதும்போது இறுதியில் ஒரு ஸகரம் உண்டு; தனியாகச் சொல்லும்போது அது ஒலிப்பதில்லை; அடுத்த சொல் உயிரொலியில் தொடங்கினால் மட்டும் அது தொண்டை அதிர ஒலிக்கிறது, அதுவும் தன் சொல்லின் இறுதியில் நில்லாமல் அடுத்த சொல்லின் முதல் உயிரோடு போய்ச் சேர்ந்துகொள்கிறது. ஆகவே ‘விண்மீன்கள்’ என்னும் பொருளுள்ள பிரெஞ்சுத் தொடர் காதில் ‘லே.ஸெ.த்வால்’ என்று மூன்று துண்டுகளாக விழும். 1810 வரை நீடித்த பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் மடகாஸ்கரிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்ட மக்கள் அந்த மொழியை ஏட்டில் கற்கவில்லை, காதால் கேட்டார்கள். கேட்ட துண்டின் எல்லையே அவர்களுக்குச் சொல்லின் எல்லையாயிற்று. பறவைக்கு ‘ஸ்வாஸோ’, காதுக்கு ‘ஸோரே’, குழந்தைக்கு ‘ஸான்ஃபான்’ என்ற சொற்கள் எல்லாம் இப்படியே பிறந்தன.

காதில் விழும் அந்தத் துண்டைத்தான் ஒலியியலார் அசை என்கிறார்கள். இக்கட்டுரையில் அசைக்கும் அசைக்கும் இடையே ஒரு புள்ளி வைத்துக் காட்டுகிறேன். ‘கடல்’ என்ற சொல் க.டல் என இரண்டு அசை, ‘காவடி’ கா.வ.டி என மூன்று, ‘தைப்பூசம்’ தைப்.பூ.சம் என மூன்று.

ஓர் அசைக்குள் மூன்று இடங்கள் உண்டு. நடுவில் இருப்பது உச்சி. அது பெரும்பாலும் ஓர் உயிரொலி. உச்சிக்கு முன்னால் வரும் மெய்யொலி தொடக்கம். பின்னால் வரும் மெய்யொலி இறுதி. ‘டல்’ என்ற அசையில் டகரம் தொடக்கம், அகரம் உச்சி, லகரம் இறுதி. உச்சி இல்லாமல் அசை இல்லை. தொடக்கமும் இறுதியும் இல்லாமலும் இருக்கலாம். ‘ஆ’ என்பது உச்சி மட்டுமே உள்ள அசை. இறுதி இல்லாத அசையைத் திறந்த அசை என்றும், இறுதி உள்ளதை மூடிய அசை என்றும் சொல்வது வழக்கம். ஒரு மெய்யும் ஓர் உயிரும் சேர்ந்த திறந்த அசை, அதாவது ‘மா’, ‘பா’, ‘தா’ போன்றது, உலக மொழிகள் அனைத்திலும் காணப்படுவது. குழந்தை மழலையில் முதலில் அடுக்கிச் சொல்வதும் அதைத்தான்; ஏழாம் மாதத்தையொட்டி வரும் ‘பாபாபா’, ‘மாமாமா’ என்ற ஒலிகள் எந்த நாட்டுக் குழந்தையிடமும் கேட்பவை.

உயிரொலி ஏன் உச்சியாகிறது என்று கேட்டால், ஒலிகளுக்கு முழக்கத்தில் ஏற்றத்தாழ்வு உண்டு என்பதே விடை. ஒரே முயற்சியோடு ஒலித்தாலும் ஆகாரம் தூரத்தில் கேட்கும், பகரம் கேட்காது. ஏனெனில் ஆகாரத்துக்கு வாய் திறந்திருக்கிறது, பகரத்துக்கு மூச்சு முற்றிலும் அடைபடுகிறது. உயிர்களுக்கு முழக்கம் மிகுதி. அவற்றுக்கு அடுத்து யகரமும் வகரமும், பின்னர் ரகர லகர ழகர ளகரங்கள், அவற்றுக்கும் கீழே மூக்கொலிகள், அதன்பின் ஸகரம் போன்ற உரசொலிகள், எல்லாவற்றுக்கும் கடைசியில் ககர டகர தகர பகரங்கள். நம் இலக்கணிகள் மெய்களை வல்லினம், மெல்லினம், இடையினம் என்று பிரித்தது இந்த ஏணியோடு எவ்வளவு நெருக்கமாகப் பொருந்துகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்: மெய்களுள் முழக்கம் மிகுந்தது இடையினம், அடுத்தது மெல்லினம், மிகக் குறைந்தது வல்லினம். ஓர் அசையில் முழக்கம் தொடக்கத்திலிருந்து ஏறி, உச்சியில் நின்று, இறுதியை நோக்கி இறங்கும். ஒரு குன்றின் சரிவைப் போல. இந்தக் கருத்தை 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் எடுவார்ட் சீவர்ஸ், ஓட்டோ எஸ்பர்சன் ஆகியோர் வகுத்துச் சொன்னார்கள்.

இதைத் தமிழிலேயே சோதித்துப் பார்க்கலாம். ‘வாழ்க்கை’, ‘பார்த்தான்’, ‘சேர்ந்தது’ ஆகிய சொற்களை வாழ்க்.கை, பார்த்.தான், சேர்ந்.த.து என்று பிரித்தால், முதல் அசையின் இறுதியில் இரண்டு மெய்கள் நிற்கின்றன. ய், ர், ழ் என்ற மூன்றும் முன்னே நிற்க, அவற்றின்பின் வல்லினமோ மெல்லினமோ வந்து ஈரொற்றாகும் என்று தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரம் விதிக்கிறது. முழக்கம் மிகுந்தது முன்னே, குறைந்தது பின்னே: சரிவு சரியாக இறங்குகிறது. இதற்கு மாறாக ‘க்ழ்’ என்று முடியும் ஓர் அசையைத் தமிழில் தேடினாலும் கிடைக்காது. ஆனால் லகரமும் ளகரமும் ஏறக்குறைய அதே அளவு முழக்கம் உள்ளவையாக இருந்தும், அவற்றின்பின் அதே அசைக்குள் இன்னொரு மெய் நிற்கத் தமிழ் இடம் தருவதில்லை. முழக்க ஏணி எது இயல்பு என்று காட்டும். இயல்பானவற்றுள் எதை ஏற்பது, எதை விலக்குவது என்பதை ஒவ்வொரு மொழியும் தானே முடிவு செய்துகொள்கிறது.

நம் கிரியோல் இந்த வகையில் இன்னும் தெளிவான பாடம். மேசைக்குப் பிரெஞ்சில் ‘தாப்ல்’ என்பது போன்ற ஒலிப்பு. பகரத்தைப் போன்ற அடைப்பொலிக்குப் பின் லகரம் வருவதால் முழக்கம் இறங்கி மீண்டும் ஏறுகிறது. அது ஓர் அசையின் இறுதிக்கு ஒவ்வாதது. கிரியோல் அந்த லகரத்தை விட்டுவிட்டு ‘லாதாப்’ என்கிறது. நான்கு என்ற எண்ணுக்குப் பிரெஞ்சில் தகரத்துக்குப் பின் ஒரு ரகரம் உண்டு; கிரியோலில் அது வெறும் ‘காத்’. இதைக் கேட்டு, கிரியோல் பேசுவோர் இந்த மெய்க்கூட்டை ஒலிக்க இயலாதவர்கள் என்று சிலர் தவறாக எண்ணுகிறார்கள். அது உண்மையன்று. படத்துக்கும் கரும்பலகைக்கும் உரிய ‘தாப்லோ’ என்ற சொல்லில் அதே லகரம் முழுமையாக ஒலிக்கிறது. ‘நான்காவது’ என்பதற்குரிய ‘காத்ரியெம்’ என்ற சொல்லில் அந்த ரகரமும் ஒலிக்கிறது. வேறுபாடு என்னவென்றால், பின்னால் ஓர் உயிர் வந்ததும் அந்தக் கூட்டு தா.ப்லோ என்று இரண்டாம் அசையின் தொடக்கமாகிவிடுகிறது. தொடக்கத்தில் முழக்கம் ஏறலாம், இறுதியில் ஏறக் கூடாது. நாவின் குறையாகச் சிலருக்குத் தோன்றியது உண்மையில் ஓர் ஒழுங்கு. அசை என்ற அலகை வைத்துப் பார்த்தால்தான் அந்த ஒழுங்கு கண்ணுக்குப் புலப்படும்.

மெய்க்கூட்டு ஒவ்வாத இடத்தில் ஒலியை விடுவது ஒரு வழி. ஓர் உயிரை நுழைப்பது இன்னொரு வழி. ‘ஸ்கூல்’ என்பதை ‘இஸ்கூல்’ என்று சொல்லும் தமிழ்நாவு செய்வது இரண்டாவது. ஸகரத்துக்குக் ககரத்தை விட முழக்கம் அதிகம் என்பதால் ‘ஸ்கூ’ என்ற தொடக்கத்தில் சரிவு முதலில் இறங்கிப் பிறகு ஏறுகிறது. முன்னே ஓர் இகரத்தைச் சேர்த்தால் இஸ்.கூல் என்று இரண்டு ஒழுங்கான அசைகள் கிடைக்கின்றன. லத்தீனில் விண்மீனுக்கு ‘ஸ்டெல்லா’ என்று பெயர். பழைய பிரெஞ்சு அதற்கு முன்னால் ஓர் எகரத்தைச் சேர்த்தது. காலப்போக்கில் ஸகரம் தேய்ந்து எகரம் மட்டும் நின்றது. அதுவே இன்றைய ‘எத்வால்’. ‘கிரியோல்’ என்றும் ‘பிரெஞ்சு’ என்றும் நாம் எழுதும்போது ககர ரகரங்களுக்கும் பகர ரகரங்களுக்கும் இடையே இகரத்தை வைப்பதும் இதே வேலைதான்: மூல மொழியில் இரண்டு அசையாக இருந்த சொல் நம்மிடம் கி.ரி.யோல் என மூன்றாகிறது.

உச்சியாக உயிர்தான் இருக்க வேண்டும் என்பதும் எங்கும் செல்லும் விதியன்று. ஆங்கிலத்தில் ‘பாட்டில்’ என்ற சொல்லின் இரண்டாம் அசைக்குப் பலருடைய பேச்சில் லகரமே உச்சி. நாம் அங்கே ஓர் இகரத்தை வைத்துக்கொண்டோம். மொரோக்கோவில் பேசப்படும் தஷல்ஹித் என்ற பெர்பர் மொழியில் வல்லொலிகள்கூட உச்சியாக நிற்கின்றன.

இனி, நம் மாணவர்களை மிகவும் குழப்பும் இடத்துக்கு வருவோம். தமிழில் ‘அசை’ என்ற சொல்லை யாப்பிலக்கணம் பல நூற்றாண்டுகளாக வேறொரு பொருளில் ஆண்டு வருகிறது. நேரசை, நிரையசை என்பவை செய்யுளின் அலகுகள். அவற்றை இங்கே யாப்பசை என்று அழைக்கிறேன். எழுத்து, ஒலியசை, யாப்பசை மூன்றும் வெவ்வேறு. ‘கடல்’ என்பதில் எழுத்து மூன்று, ஒலியசை இரண்டு, யாப்பசை ஒன்று. ‘முருகன்’ என்பதில் எழுத்து நான்கு, ஒலியசை மூன்று, யாப்பசை இரண்டு. ‘அம்மா’ என்பதில் எழுத்து மூன்று, ஒலியசையும் யாப்பசையும் இரண்டிரண்டு.

இம்மூன்றும் தொடர்பற்றவை அல்ல. யாப்பசை ஒலியசையின்மேல் கட்டப்பட்டது. அந்தக் கட்டுமானத்தின் அடிப்படை எடை. குறில் உச்சியாக அமைந்து இறுதி இல்லாத அசை, ‘க’ என்பது போல, எடை குறைந்தது. நெடில் உள்ளதும், ஒற்றால் மூடியதும், ‘கா’, ‘கல்’, ‘கால்’ என்பன போல, எடை மிகுந்தவை. எடை மிகுந்த அசை தனியே நேரசையாகும். எடை குறைந்த அசை தனக்குப் பின்னால் வரும் அசையோடு சேர்ந்து நிரையசையாகும். பின்னால் சேர ஒன்றும் இல்லாதபோதுதான் தனியே நேராக நிற்கும். ‘காவடி’ என்பதில் ‘கா’ நேர். ‘வ’ எடை குறைந்ததால் ‘டி’யோடு சேர்ந்து ‘வடி’ என நிரை. வாய்பாட்டை மனப்பாடம் செய்து அலகிட்ட மாணவருக்கு இந்தக் காரணம் தெரிந்தால், யாப்பு மனப்பாடத்திலிருந்து விடுபடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தமிழ்ச் சொல்லில் அசைகளை எண்ணுவது மிக எளிது. புள்ளி பெற்ற எழுத்துகளையும் ஆய்தத்தையும் தள்ளிவிட்டு மற்ற எழுத்துகளை எண்ணினால், அதுவே அசைகளின் எண்ணிக்கை. ஒவ்வோர் உயிரெழுத்தும் உயிர்மெய்யும் ஓர் அசையைத் தொடங்குகிறது. புள்ளியெழுத்து முந்தைய அசையின் இறுதியாகிறது. ‘கற்கண்டு’ கற்.கண்.டு, ‘அஃது’ அஃ.து. தமிழில் சொல்லின் முதலில் மெய்க்கூட்டு வருவதில்லை. ஆதலால் சொல்லின் நடுவே இரு மெய்கள் வந்தால் அவை எப்போதும் பிரிந்து, ஒன்று முன் அசைக்கும் மற்றொன்று பின் அசைக்கும் போகின்றன. பிரெஞ்சும் கிரியோலும் அப்படியல்ல. அங்கே ஒரு கூட்டு சொல்லின் தொடக்கத்தில் வரத்தக்கதாக இருந்தால் முழுவதும் அடுத்த அசைக்குப் போகும், இல்லாவிட்டால் பிரியும். இரு உயிர்களுக்கு நடுவில் ஒற்றை மெய் வந்தால் அது பின்னால் உள்ள உயிரோடு சேரும் என்பதில் மட்டும் மொழிகளிடையே பரவலான ஒற்றுமை உண்டு. ‘கடல்’ என்பதை யாரும் ‘கட்.அல்’ என்று பிரித்துச் சொல்வதில்லை.

இந்த ஈர்ப்பு சொல்லின் எல்லையையும் மதிப்பதில்லை. ‘ஸெத்வால்’ பிறந்ததற்கு அதுவே காரணம். ‘அவன் எங்கே’ என்பது பேச்சில் அ.வ.னெங்.கே ஆவதற்கும் அதுவே காரணம். உடம்பின்மேல், அதாவது மெய்யின்மேல், உயிர் வந்து ஒன்றுவது இயல்பு என்று நன்னூல் சொல்வது பிரெஞ்சு ஆசிரியர் வகுப்பில் கற்பிக்கும் இணைப்பொலிக்கும் பொருந்தும். ஒரே வகுப்பறையில் இரு மொழிகளையும் கற்கும் நம் பிள்ளைகளுக்கு இந்தப் பொருத்தத்தை யாராவது எடுத்துக்காட்ட வேண்டும்.

அடுத்த விதியில்தான் அசையின் ஆற்றல் இன்னும் நன்றாகத் தெரிகிறது. தனிக்குறிலை அடுத்த ஒற்று, பின்னால் உயிர் வந்தால் இரட்டும்: கண் + இமை ‘கண்ணிமை’ ஆகிறது. ஆனால் கால் + அடி ‘காலடி’யாகவே இருக்கிறது, கடல் + அலை ‘கடலலை’யாகவே இருக்கிறது. ஏன் ஓரிடத்தில் மட்டும் இரட்டிப்பு? இரட்டாமல் ‘கணிமை’ என்று சேர்த்தால் க.ணி.மை என்றாகி, ‘கண்’ என்ற சொல்லுக்கு மிஞ்சுவது ‘க’ என்ற எடை குறைந்த ஓர் அசை மட்டுமே. தமிழில் அத்தகைய ஓர் அசை தனிச்சொல்லாக நிற்பது மிக அரிது. ஓரெழுத்து ஒருமொழிகளாக நன்னூல் காட்டும் 42இல் குறில் இரண்டே, ‘நொ’வும் ‘து’வும். இரட்டிப்பினால் கண்.ணி.மை என்று முதலசை தன் எடையைக் காத்துக்கொள்கிறது. ‘காலடி’யில் லகரம் நீங்கினாலும் ‘கா’ என்ற எடை மிகுந்த அசை நிற்கிறது. ‘கடலலை’யில் ‘கட’ என்ற இரண்டு அசைகள் நிற்கின்றன. அங்கே காக்க வேண்டியது எதுவும் இல்லை, ஆகவே இரட்டிப்பும் இல்லை. எழுத்தை மட்டும் பார்த்தால் தனித்தனி விதியாகத் தோன்றுவது அசையைப் பார்த்தால் ஒரே காரணத்தின் விளைவாகத் தெரிகிறது.

இவ்வளவு பயன்படும் அலகுக்கு உடலளவில் ஒரு வரையறை தர முயன்றவர்கள் இடர்ப்பட்டார்கள். ஒவ்வோர் அசைக்கும் மார்புத் தசைகள் ஒருமுறை மூச்சை உந்துகின்றன என்று ஆர். எச். ஸ்டெட்சன் 1928இல் கூறினார். பீட்டர் லேடஃபோகெட்டும் அவரோடு ஆய்ந்தவர்களும் 1950களில் விலாத் தசைகளின் மின்னியக்கத்தை அளந்து, உந்துதலுக்கும் அசைக்கும் ஒன்றுக்கு ஒன்று என்ற பொருத்தம் இல்லை என்று காட்டினார்கள். நோம் சாம்ஸ்கியும் மோரிஸ் ஹாலேயும் 1968இல் ஆங்கில ஒலியமைப்பைப் பற்றி எழுதியபோது அசையை ஓர் அலகாகக் கொள்ளாமலேயே விதிகளை வகுத்தார்கள். 1976இல் டேனியல் கான் தம் ஆய்வேட்டில் அதை மீண்டும் கோட்பாட்டுக்குள் கொண்டுவந்தார். கேட்பவரின் மனத்தில் அசை இருக்கிறது என்பதற்கு ஷாக் மேலேரும் உடன் ஆய்ந்தவர்களும் 1981இல் வெளியிட்ட சோதனை வலுவான சான்று. பிரெஞ்சு பேசுவோரிடம் ‘பா’ அல்லது ‘பால்’ என்ற ஒலித்துண்டைக் கேட்டவுடன் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். ஆடம்பர விடுதியைக் குறிக்கும் ‘பா.லாஸ்’ என்ற சொல்லில் ‘பா’வை விரைவாகக் கண்டுகொண்டவர்கள், பனையைக் குறிக்கும் ‘பால்.மியே’ என்ற சொல்லில் ‘பால்’ என்பதை விரைவாகக் கண்டுகொண்டார்கள். முதல் மூன்று ஒலிகளும் இரு சொற்களிலும் ஒன்றே. அசையின் எல்லை மட்டுமே வேறு. ஆங்கிலம் பேசுவோரிடம் பின்னர் நடத்திய சோதனையில் இதே விளைவு கிடைக்கவில்லை. அவரவர் மொழி அவரவர் செவியைப் பழக்குகிறது.

செவியின் இந்தப் பழக்கம் மொரீசியஸில் தமிழ் கற்பிப்பவருக்குப் பெரிய செய்தி. தமிழ் வழிவந்த நம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு வீட்டுமொழி கிரியோல். தமிழைப் பள்ளியிலும் கோயில் வகுப்பிலும் கற்கிறார்கள். சொற்களை வேறுபடுத்தும் இரட்டை மெய் கிரியோலில் இல்லை. ஆகவே ‘பாட்டு’, ‘பாடு’ என்ற இணையைக் கேட்கும் குழந்தை, தகரத்தின் வன்மையையும் மென்மையையும் வேறுபடுத்தும் தன் வீட்டுமொழிப் பழக்கத்தால், வல்லொலி, மெல்லொலி என்ற வேறுபாட்டை மட்டும் பிடித்துக்கொள்கிறது. டகரத்தை வன்மையாகச் சொன்னால் ‘பாட்டு’ என்று ஆசிரியரும் ஏற்றுக்கொண்டுவிடுகிறார். குழந்தை இரட்டிப்பைக் கற்கவில்லை என்பது ‘பலி’, ‘பல்லி’ என்ற இணைக்கு வரும்போதுதான் வெளிப்படும். லகரத்துக்கு வன்மை, மென்மை என்ற வேறுபாடு இல்லை. அங்கே பற்றிக்கொள்ள அசையின் எல்லையைத் தவிர வேறொன்றும் கிடையாது. ‘கனி’, ‘கன்னி’, ‘புளி’, ‘புள்ளி’, ‘வளி’, ‘வள்ளி’ என்ற இணைகளும் அப்படிப்பட்டவையே.

எனவே இரட்டிப்பை வல்லினத்தில் தொடங்கிக் கற்பிக்கும் வழக்கத்தை மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. லகர, னகர, மகர இணைகளில் தொடங்குவது நல்லது. ‘பல்’ என்று சொல்லி நாக்கை மேலண்ணத்தில் வைத்தபடியே நிறுத்தச் சொல்ல வேண்டும், எடுக்கவே கூடாது, பிறகு அதே இடத்திலிருந்து ‘லி’ என்று விடச் சொல்ல வேண்டும். முன் அசையின் இறுதியும் பின் அசையின் தொடக்கமும் ஒரே தொடுதலில் நிகழ்கின்றன என்பதை நாக்கே உணரும். ‘அம்மா’ என்ற சொல்லில் உதடுகள் மூடியபடி நிற்பதைக் கண்ணாடியிலும் பார்க்கலாம். இது கைவந்த பின்னர் ‘பட்டு’, ‘பாட்டு’, ‘பத்து’ ஆகியவற்றுக்குப் போனால், அடைப்பை நீட்டி நிறுத்துவது குழந்தைக்குப் புதிதாக இராது. ‘வாழ்க்கை’, ‘பார்த்தான்’ போன்ற ஈரொற்றுச் சொற்களை அதற்கும் பின்னால் வைக்கலாம். அவற்றில் ழகரத்தையோ ரகரத்தையோ ஒலித்து முடித்த உடனே, இன்னும் அதே அசைக்குள்ளேயே, அடுத்த அடைப்புக்கு நாக்கு நகர வேண்டியிருக்கிறது.